பூட்டுக்காரர் படிக்காத வரி

அந்தச் சலவை ஆலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாருக்கும் பழக்கமில்லை. பூட்டுக்காரர் என்றால்தான் திரும்புவார். மின்பழுது பார்க்கிறவர் அவர். ஆனால் இடுப்பில் எப்போதும் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கும். எந்த மெஷினைத் தொடுவதானாலும் முதலில் அதன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் அந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் இறக்கிய பிறகுதான் திருப்புளியை எடுப்பார். தான் உள்ளே கை விட்டிருக்கும்போது வேறு யாராவது வந்து சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது என்று. நல்ல வழக்கம்தான். ஆனால் மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுபோனார். மிக்சி ஜாரைக் கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். என்னையும் ஒரு நாள் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவருடைய அண்ணி, அதாவது கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அண்ணி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது இவர் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். இவருக்கு அப்போதெல்லாம் அடிக்கடி காது வலிக்கும். அழுதுகொண்டு வருகிறவனை மடியில் சாய்த்துக் காதுக்கு மருந்து விட்டது அண்ணிதான். பிற்பாடு இவருக்குப் பெண் பார்த்ததும் அவர்தான், தன் சொந்தச் சித்தப்பா மகளையே பார்த்துக் கட்டிவைத்தார். அதனால் பூட்டுக்காரர் மனைவிக்கு அவர் அக்கா, பூட்டுக்காரருக்கு அண்ணி. புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவார். அண்ணன் காலமான பிறகும் அந்த உரிமையில் ஒரு குண்டுமணி குறையவில்லை.

மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிற ஆலை அது. துவைத்துப் பிழிந்த விரிப்பை முன்பக்கம் நின்று விரித்துக் கொடுத்தால், சூடான பெரிய உருளைகள் அதை இழுத்துக்கொண்டு போய், காயவைத்து, சுருக்கமில்லாமல் பின்பக்கம் தள்ளிவிடும். உருளை மெஷின் என்பார்கள். அந்த மெஷினுக்கு அண்ணிதான் தலைமை. விரிப்பு வெளியே வரும் சத்தத்தை வைத்தே ஈரம் மிச்சமிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, பால் பொங்குதுடி, அடுப்பைக் குறை என்று குரல் கொடுக்கிற காது.

உருளைகளைச் சுற்றுகிற மோட்டாருக்கு மூக்கணாங்கயிறு மாதிரி ஒரு பெட்டி உண்டு. டிரைவ் என்று பேர். மெல்லப் போ, வேகமாகப் போ, நில் என்று மோட்டாரிடம் சொல்வது அந்தப் பெட்டிதான். காலடியில் இருக்கும் மிதியை மிதித்தால் உருளை சுற்றும், காலை எடுத்தால் நிற்கும். ஆனால் நின்றாலும் பெட்டி மோட்டாரை விடாது. அடுத்த மிதிக்கு உடனே ஓட வேண்டுமே என்று பிடித்தபடியே வைத்திருக்கும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் பிடி விடும். அப்புறம் மிதியின் மேல் ஏறி நின்று குதித்தாலும் ஒன்றும் ஓடாது.

மெஷின் புதிதாக வந்த சமயம் அண்ணிக்கு அதில் ஒரே ஒரு குறை இருந்தது. பெட்டி மோட்டாரைப் பிடித்திருப்பதைக் காட்டுகிற விளக்கும் சிவப்புப் பொத்தானும் முன்பக்கம்தான். விரிப்பு சிக்கிக்கொண்டால் பின்பக்கம் போய்த்தான் இழுக்க வேண்டும். அங்கே நின்றால் ஒன்றும் தெரியாது. "செத்துக் கெடக்குதா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டார்.

பூட்டுக்காரர் யோசித்தார். அந்தப் பெட்டி மோட்டாருக்கு மின்சாரத்தை நறுக்கி நறுக்கித்தான் அனுப்பும். பொடியாக நறுக்கினால் காதுக்கு ஒன்றும் கேட்காது. கொஞ்சம் பெரிது பெரிதாக நறுக்கினால் மோட்டார் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். கம்பெனியிலிருந்து வரும்போது பொடியாகத்தான் வைத்து அனுப்புவார்கள். அந்த ஓர் அளவை இவர் மாற்றி வைத்தார். அன்றிலிருந்து பெட்டி மோட்டாரைப் பிடித்திருக்கிற வரைக்கும் ம்ம்ம் என்று ஒரு சத்தம் இரும்புச் சட்டம் முழுக்க ஓடும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் டக்கென்று நின்றுவிடும். என் கொழுந்தன் எனக்காக மோட்டாரைப் பாட வைத்திருக்கிறான் என்று அண்ணி ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதுவே அந்த மெஷினின் சட்டம் ஆகிவிட்டது. "பாட்டு நின்னாச்சா?" என்று ஒருத்தி கேட்பாள். "நின்னாச்சு" என்று பதில் வந்தால்தான் கை உள்ளே போகும். எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவள் முதல் டீ குடிப்பதற்குள் அதைக் கற்றுக்கொண்டுவிடுவாள்.

இப்படிப் பல வருஷம் ஓடியது. ஒரு நாள் பெட்டி செய்த கம்பெனியிலிருந்து ஒரு தகவல் வந்தது. மின்சாரம் ஒரு நொடி போய்த் திரும்பினால் சில பெட்டிகள் மோட்டாரைத் தானாகக் கிளப்பிவிடுகின்றன, அதைத் தடுக்க உள்ளே இருக்கிற மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று. ஃபர்ம்வேர் என்பார்கள் அதை. பெட்டிக்குள் குடியிருக்கிற புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தியை அழித்துப் புதுப் புத்தியை எழுத வேண்டும். பாதி எழுதும்போது கரண்டு போனால் பெட்டி செங்கல்லாகிவிடும், சுவர் கட்டத்தான் ஆகும்.

வார விடுமுறை நாளில் பகலில் அந்த வேலையை வைத்துக்கொண்டார் பூட்டுக்காரர். செய்ததையும் சொல்ல வேண்டும், மனிதர் அதில் ஒரு குறை வைக்கவில்லை. மோட்டாருக்கும் உருளைக்கும் நடுவே இருக்கிற சங்கிலியைக் கழற்றினார், மோட்டார் தப்பித்தவறித் துள்ளினாலும் உருளை அசையக் கூடாது என்று. மிதியின் ஒயரைப் பிரித்துத் தனியே கட்டிப்போட்டார். பெட்டியில் இருந்த அளவுகள் எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றி, இன்னொரு நகலும் எடுத்தார். பெட்டியின் தகட்டில் இருந்த எண்ணையும் கம்பெனி அனுப்பிய கோப்பின் எண்ணையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். லேப்டாப் முழுச் சார்ஜில் இருந்தது. அதன் கேபிள் யார் காலிலும் தட்டாதபடி கட்டப்பட்டிருந்தது. இந்த முறை அவருடைய பூட்டு சுவிட்சைப் போடாமல் தடுக்க அல்ல, யாரும் அணைத்துவிடாமல் இருக்கத் தொங்கியது.

சூப்பர்வைசர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார். பக்கத்து ஆலையிலிருந்து வந்த இரண்டு மின்காரர்களும் நின்றார்கள், நம் பெட்டிக்கும் இதைச் செய்ய வேண்டுமே, பார்த்துக்கொள்ளலாம் என்று. பூட்டுக்காரருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. எவ்வளவு எழுதியாயிற்று என்று திரையில் காட்டுகிற கோடு மெல்ல மெல்ல நீளும்போது அவர் பேச ஆரம்பித்தார். வேறோர் இடத்தில் ஒருவன் பாதியில் கேபிளைப் பிடுங்கியது, இன்னொருவன் சங்கிலியைக் கழற்றாமல் செய்து கைவிரலைப் பறிகொடுத்தது எல்லாம் சொன்னார். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

புதுப் புத்தி ஏறி முடிந்தது. பெட்டியின் விளக்கு ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தது. சேமித்து வைத்த அளவுகளைத் திரும்ப உள்ளே அனுப்பினார். அப்போது திரையில் ஒரு வரி வந்தது. சில அளவுகள் ஏற்கப்படவில்லை, விவரத்தைப் பார்க்கவும் என்று. அதன் கீழே இரண்டு பொத்தான்கள், ஒன்று விவரம், ஒன்று ஓகே. பூட்டுக்காரர் அப்போது திரும்பி நின்று, "அவசரப்பட்டவன் கை எப்பவும் மொட்டைதான்" என்று கதையின் கடைசி வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவர் விரல் ஓகேயை அமுக்கியது. கண் வரியைப் பார்த்தது. பார்த்ததுதான், படிக்கவில்லை.

பிறகு மோட்டார் சுற்றும் திசையைப் பார்த்தார், சரி. சிவப்புப் பொத்தான், சரி. சங்கிலியை மாட்டி ஓட்டிப் பார்த்தார், சரி. சூப்பர்வைசர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் வேலை தொடங்கி வழக்கம்போல ஆலை இரைந்துகொண்டிருந்தது. அண்ணியும் அவருடைய மருமகளும் உருளை மெஷினில் நின்றார்கள். மருமகள் நல்ல பெண்தான், வாய்த்துடுக்கு கிடையாது. ஆனால் இரைச்சல் தாங்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவள். மாமியார் எதைக் கேட்டாலும் தலையாட்டி ஆமாம் போட்டுவிடுவாள். காலையில் அண்ணி, "பாட்டு சன்னமா இருக்கே, உனக்குக் கேக்குதாடி?" என்று கேட்டிருக்கிறார். "கேக்குது அத்தை" என்று இவளும் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு மாமியார் கேட்ட கேள்வியே சரியாகக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் ஒரு விரிப்பு சுருண்டு சிக்கியது. அண்ணி பின்னால் போனார். நின்று காதைக் கொடுத்தார். பாட்டு இல்லை. மருமகள் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டாள் என்று நினைத்து, தன் காதை நம்பி, வழக்கமான கேள்வியைக் கேட்காமலே கையை உள்ளே விட்டார். முன்பக்கம் நின்ற மருமகளோ, அத்தை இன்னும் பின்பக்கம் போய்ச் சேரவில்லை, அதற்குள் கொஞ்சம் தளர்த்திக் கொடுப்போம் என்று நினைத்தாள். "ஓட்டறேன் அத்தை" என்று குரலும் கொடுத்தாள், அந்த இரைச்சலில். மிதியில் கால் வைத்தாள்.

கால்வாசி சுற்றுதான் சுற்றியிருக்கும். கூச்சல் கேட்டு அவளே சிவப்புப் பொத்தானை அறைந்தாள். அதற்குள் அண்ணியின் நடுவிரலும் மோதிரவிரலும் நசுங்கி, சூட்டில் தோலும் வழன்றுவிட்டது.

பூட்டுக்காரரை மெஷினைச் சோதிக்கச் சொன்னார்கள். ஆட்களை விலக்கிவிட்டு மிதியைத் தொட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தது. ஆனாலும் என்னவோ குறைந்தது. வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றுபோனால் எதுவென்று தெரியாமல் தலையைத் தூக்கிப் பார்ப்போமே, அப்படி. குனிந்து மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார். கைக்கு மெல்லிய அதிர்வு தெரிந்தது. காதுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அந்த வரி அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. முதல் நாள் படிக்காதது இப்போது எழுத்துக்கு எழுத்து தெரிந்தது. புதுப் புத்தியில் அந்த ஓர் அளவுக்கு இடம் மாறியிருக்கிறது. பழைய அளவை அது வாங்கவில்லை. கம்பெனி வைத்த பொடி நறுக்கலுக்கே போய்விட்டது. அண்ணிக்காக இவரே வைத்த பாட்டை இவரே அணைத்திருக்கிறார். 

"எல்லாம் சரியா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"எல்லாம் சரி" என்றார் பூட்டுக்காரர். வாய் தானாகச் சொன்னது. பல வருஷமாக அந்த ஒரு பதிலைச் சொல்லியே பழகிய வாய்.

மருத்துவமனைக்குப் போனால், கையில் கட்டோடு அண்ணி மருமகளுக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்தார். மாமியார் கையை மருமகள் நசுக்கிவிட்டாள் என்று ஊர் வாய் அதற்குள் மென்று துப்ப ஆரம்பித்திருந்தது. "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவ குரல் குடுத்திருக்கா. பாட்டும் இருந்திருக்கு, காலையில அவளே கேக்குதுன்னு சொன்னா. எனக்குத்தான் காது போயிடுச்சு" என்றார். சொல்லிவிட்டு இவரைப் பார்த்தார். "மெஷின் நல்லாத்தானே இருக்கு தம்பி?"

பூட்டுக்காரர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் பிற்பாடு அவருக்குக் கழுத்தே கூசும்.

அன்றே அவர் ஆலையில் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் உருளையின் பின்பக்கம் யார் கை விடுவதானாலும் தன்னைக் கூப்பிட வேண்டும், தன் பூட்டைப் போட்ட பிறகுதான் தொட வேண்டும் என்று. பூட்டு வந்த பிறகு பாட்டு இருக்கிறதா என்று காது கொடுக்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. ஆபத்தை அடைத்தாயிற்று, உண்மையைச் சொல்லாமலே. என்ன பொறுப்பான மனிதர் என்று எல்லோரும் பேசினார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தபோதெல்லாம் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அடுத்த விடுமுறை நாள் வந்ததும் தனியாக ஆலைக்குப் போய், இடம் மாறிய அந்த அளவைத் தேடிப் பிடித்துப் பழையபடி வைத்தார். மோட்டார் ம்ம்ம் என்றது. கூட நின்று கேட்க ஒரு ஆள் இல்லை.

இதற்கிடையில் அண்ணி செவிடாகிக்கொண்டிருந்தார். காதினால் அல்ல, மனதினால். காது போய்விட்டது என்று ஒருமுறை நம்பிவிட்டால் அப்புறம் எதைக் கேட்டாலும் சந்தேகம்தான். டீவிக்கு முழங்கை தூரத்தில் போய் உட்கார்ந்தார். வெளியூரில் இருக்கிற மகள் போன் செய்தால், நீயே பேசு என்று மருமகளிடம் கொடுத்தார். பேத்தி ஏதாவது சொன்னால், இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்பார். அந்தக் குழந்தை அலுத்துப்போய்ப் பாட்டியிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டது. வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். கத்திப் பேசினால் யாருக்குமே திட்டுகிற மாதிரிதான் இருக்கும். அவர் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது.

காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். தலையில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்குங்கள் என்றார்களாம். கேட்கவில்லை என்று தெரிந்துவிடுமே என்ற பயத்தில் அண்ணி கேட்டாலும் அமுக்கினார், கேட்காவிட்டாலும் அமுக்கினார். அந்தச் சோதனையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மறுபடி வாருங்கள் என்று ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார் டாக்டர்.

கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த அண்ணியைச் சூப்பர்வைசர் அழுக்குத் துணி பிரிக்கிற அறைக்கு அனுப்பினார். ரத்தமும் சீழுமாக வருகிற விரிப்புகளைத் தனித்தனியே பிரிக்கிற இடம். ஜன்னல் கிடையாது. காது கேட்காதவரை உருளையில் நிறுத்தினால் நாளைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார் அவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அண்ணி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். பூட்டுக்காரர் அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியாக நடக்கப் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அண்ணி உருளை மெஷின் பக்கமாக நடந்து போனவர் நின்றுவிட்டார். சட்டத்தில் கை வைத்தார். பாட்டு கேட்டது. தெளிவாக, பழையபடி கேட்டது. அங்கேயே நின்று அழுதாராம். பிறகு ஓட்டமும் நடையுமாகச் சூப்பர்வைசரிடம் போய், என் காது வந்துவிட்டது, மருந்து வேலை செய்துவிட்டது, என்னை மெஷினுக்கு விடுங்கள் என்று கேட்டார். இன்றைக்கு வந்த காது நாளைக்குப் போகாதா என்று அவர் கையை விரித்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணி நேராகப் பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். சூப்பர்வைசர் உன் பேச்சைக் கேட்பார், நீ ஒரு வார்த்தை சொல் என்று கேட்கத்தான் வந்தார். வந்த இடத்தில் இவர் பழக்கதோஷத்தில் காதைக் குடைந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"என்ன, வலிக்குதா?"

"இல்ல அண்ணி, சும்மா அரிப்பு."

"சும்மாதான் ஆரம்பிக்கும். எனக்கும் சும்மாதான் ஆரம்பிச்சுது." பையிலிருந்து அந்த மருந்தை எடுத்தார். "நல்ல மருந்துடா இது. போன காதையே கூட்டிட்டு வந்துடுச்சு. சாய் இப்படி."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். மனைவி வேறு, "அக்கா சொன்னா கேளுங்களேன், செவிட்டுப் புருஷனை வச்சுக்கிட்டு நான் தொண்டை கிழியவா?" என்று சிரித்தாள். தலை நரைத்த மனிதர், அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் சாய்ந்த அதே மடியில் சாய்ந்தார். அண்ணி கட்டுப் பிரித்த கையால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. குச்சி மாதிரி நெற்றியில் அழுந்தின. காதுக்குள் மருந்து சில்லென்று இறங்கியது.

அந்த விரல்கள் அழுந்திய இடத்தில்தான் எல்லாம் உடைந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்ணி, உங்க காதுக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்குப் பாட்டே இல்ல."

நெற்றியில் இருந்த கை அப்படியே நின்றது. இவர் எழுந்திருக்கப் பார்த்தார். "அசையாத. மருந்து வெளியில வந்துடும்" என்றார் அண்ணி. குரலில் ஒன்றும் தெரியவில்லை. இவர் அசையாமல் கிடந்து முழுதும் சொன்னார், திரையில் வந்த வரி, அமுக்கிய ஓகே, மோட்டாரின் மேல் கை வைத்தது, எல்லாம் சரி என்றது, ஆள் இல்லாத நாளில் போய்த் திருத்தி வைத்தது. அடுக்களை வாசலில் நின்ற மனைவியின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அந்த வரியை ஏன் படிக்கல?" என்று அண்ணி கேட்டார்.

"பேசிக்கிட்டு இருந்தேன்."

"என்ன பேசின?"

இதற்குப் பதில் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "அவசரப்பட்டு வேலை செய்யறவங்களைப் பத்தி."

 அண்ணி பஞ்சைத் திரித்து அவர் காதில் வைத்தார். வலிக்காமல்தான் வைத்தார். பிறகு சொன்னார், "பேத்தி என்கிட்ட பேசறதை நிறுத்திடுச்சு, தெரியுமா உனக்கு? மருமக முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு, கெழவி செவிடாகி அவளுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேனேன்னு. நீ தெனமும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்த?"

"பார்த்தேன் அண்ணி."

"எழுந்திரு." எழுந்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில எல்லாரும் இருக்கும்போது இதைச் சொல்லு. எனக்குச் சொன்ன மாதிரியே ஒண்ணுவிடாம சொல்லு. ஆனா படுத்துக்கிட்டு இல்ல. நின்னுக்கிட்டு."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். டீ போட்டிருந்தாள் மனைவி. குடிக்க ஆள் இல்லாமல் ஆறியது.  அக்கா விட்டுப்போன மருந்துப் புட்டியை அவள் எடுத்து, அவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் உருளை மெஷின் முன்னால் எல்லோரும் கூடினார்கள். இதை எதற்கு எல்லார் முன்னாலும், என் அறைக்கு வாருங்கள் என்று சூப்பர்வைசர் இழுத்துப் பார்த்தார். பூட்டுக்காரர் போகவில்லை. இடுப்பிலிருந்து பூட்டைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.  அண்ணியின் மருமகள் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு அருகில் வந்து நின்றாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. எல்லாம் சரி என்று பொய் சொன்னேன் என்ற இடம் வந்தபோது, "சின்ன மாமா, நானும் அன்னைக்குக் கேக்குதுன்னு பொய்தான் சொன்னேன்" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. தானாகச் சொன்னாள். அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், நல்ல குடும்பம் எனக்கு வாய்த்தது என்கிற மாதிரி.

பூட்டுக்காரரைச் சில நாள் வீட்டில் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்தபோது உருளையின் பின்பக்கமும் ஒரு சிவப்புப் பொத்தானும் ஒரு விளக்கும் வைக்கச் சொல்லியிருந்தார்கள். முதல் நாளிலேயே இருந்திருக்க வேண்டியவை அவை. அவரே அவற்றை மாட்டினார். அண்ணி பழையபடி மெஷினில் நின்றார். விரிப்பின் நுனியை மூன்று விரலால் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். இவரோடு பேசுவார், சாப்பிட்டாயா என்று கேட்பார். ஆனால் என் கொழுந்தன் பாட வைத்தது என்று யாரிடமும் சொல்வதில்லை. பூட்டுக்காரர் என்ற பேர் மாறவில்லை. அதைச் சொல்கிறவர்களின் உதட்டோரம் ஒரு நெளிவு மட்டும் புதிதாகச் சேர்ந்துகொண்டது. அவர் அதற்கும் திரும்பினார்.

ஒரு வருஷம் கழித்திருக்கும். கம்பெனி மறுபடியும் ஒரு புதுப் புத்தியை அனுப்பியது. விடுமுறை நாளில் சங்கிலியைக் கழற்றி, மிதியைப் பிரித்து, நகல் எடுத்துத் தயாராகிறார், வாசலில் அண்ணி. பின்னாலேயே மருமகளும் மெஷினில் வேலை செய்கிற மற்றப் பெண்களும். யாரும் கூப்பிடவில்லை. அண்ணி ஒரு துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"திரையில வர்றதை வாய்விட்டுப் படி" என்றார்.

பூட்டுக்காரர் படித்தார். ஒவ்வொரு வரியாக, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. எழுதுகிறது என்று படித்தார். அணைக்க வேண்டாம் என்று படித்தார். முடிந்தது என்று படித்தார். அளவுகளைத் திரும்ப அனுப்பினார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அந்த வரி வந்தது, அன்று வந்த அதே வரி. அவருக்குக் காது மடல் சூடேறியது. குரல் உள்ளே போய்விட்டது. சில அளவுகள் என்று முனகினார்.

பின்னால் கூடை கிறீச்சிட்டது. அண்ணி மடங்காத இரண்டு விரலோடு கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அடுத்த அறையில் பால் பொங்குவது கேட்கிற காது அது.

"கேக்கல தம்பி" என்றார்.

பூட்டுக்காரர் முதல் எழுத்திலிருந்து, ஆலை முழுக்கக் கேட்கும்படி படிக்க ஆரம்பித்தார்.